நீச்சல் தெரிந்தால்தான் கப்பல்

இரண்டு சுரைக்குடுக்கைகளை இடுப்பில் கட்டிக்கொண்டு, எங்கள் ஏம்பலத்து ஊர்க் குளத்தில், ஆண்கள் படித்துறையின் கடைசிப் படியில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். பொங்கல் முடிந்து சில நாள் ஆகியிருக்கும். காலை வெயில் இன்னும் சூடு பிடிக்கவில்லை. இருபது வயது தாண்டிய ஆண்பிள்ளை, பல் கிட்டித்துக்கொள்ள நடுங்குகிறார். குளிரா, பயமா என்று கேட்டிருந்தால் குளிர் என்றுதான் சொல்லியிருப்பார்.

எதிர்க்கரையில் பெண்கள் படித்துறை. அங்கே என் மாமியார் கற்பூரத் தட்டோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் நான், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையாத மருமகள். கரையெல்லாம் ஜனம். தெருக்கூத்துக்குக்கூட எங்கள் ஊரில் அவ்வளவு கூட்டம் வந்து நான் பார்த்ததில்லை.

அவர் வலது காலைத் தண்ணீரில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

வைக்கட்டும். அவர் முழுசாக இறங்குவதற்குள் அவர் அங்கே வந்து நின்ற காரணத்தைச் சொல்லி முடித்துவிடலாம், அவ்வளவு நேரம் இருக்கிறது. போன வாரம் கல்யாணச் சமாசாரமெல்லாம் எழுதிவிட்டு மாப்பிள்ளை பெயரை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டேன் என்று ஒரு வாசகி கோபித்துக்கொண்டிருக்கிறாள். இந்த வாரமும் எழுதப் போவதில்லை அம்மா. வாயால் சொல்லாத பெயரை அச்சில் போட எனக்கு மனசு வரவில்லை.

தண்ணீரில் கண்டம்

அவர் பிறந்தபோது ஜாதகம் எழுதிய ஜோசியர், "புள்ளைக்குத் தண்ணியில கண்டம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தட்சிணையை மடியில் முடிந்துகொண்டு போய்விட்டார். அவருக்கென்ன, போய்விட்டார். அந்த வார்த்தையோடு குடித்தனம் நடத்தியது என் மாமியார்தான்.

மாமியாரை நாங்கள் அத்தை என்றுதான் கூப்பிடுவோம். அத்தைக்கு இரண்டு பிள்ளைகள், இவரும் இவர் தம்பியும். மாமனார் விஷக் காய்ச்சலில் சீக்கிரமே போய்விட்டார். மிச்சமிருப்பதில் ஒன்றைத் தண்ணீர் கொண்டு போய்விடக் கூடாது என்று அவள் மூத்தவரைப் பொத்திப் பொத்தி வளர்த்தாள். ஊர்ப் பிள்ளைகள் குளத்தில் குதித்துக் கும்மாளம் போடும்போது இவருக்கு மட்டும் கொல்லைப்புறத்தில் அண்டாத் தண்ணீர். ஐப்பசி மழையில் வாய்க்கால் ஓடினால் தெருப்பக்கம் விடமாட்டாள். என் கல்யாணத்துக்கு மறுநாள்கூட அவர் அண்டாவுக்குப் பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்து குளித்ததைப் பார்த்து நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

தண்ணீர் இல்லாத இடமாகப் பார்த்து அவரைப் படிக்கவும் வைத்தாள். பிரெஞ்சு நன்றாக எழுதுவார், கணக்கு நன்றாகப் போடுவார். ஏர் பிடித்தால் மாடு ஒரு பக்கம் போகும், இவர் ஒரு பக்கம் போவார். நிலத்தைத் தம்பிதான் பார்த்துக்கொண்டான்.

அந்த நாளில் எங்கள் பக்கத்தில் எந்த ஊரை எடுத்தாலும் கடல் கடந்து, இதே பிரெஞ்சுக்காரன் ஆண்ட சைகோனில் வேலை பார்க்கிறவர் ஒருவராவது இருப்பார். இவருடைய பெரியப்பா மகன் ஒருத்தர் அப்படித்தான். பட்டுச் சட்டையும் தங்கப் பல்லுமாக லீவில் வந்தவர், தான் இருக்கும் அரிசி ஆலையில் கணக்கெழுத ஆள் வேண்டும், பங்குனி மாசக் கப்பலில் வந்தால் வேலை நிச்சயம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வேலை மேல் அவருக்கு அவ்வளவு ஆசை. பிறந்ததிலிருந்து யாரும் அவரிடம் ஒரு வேலையை நம்பிக் கொடுத்ததில்லை, அதுதான் காரணம்.

அத்தை அழவில்லை, கத்தவில்லை. வெற்றிலையை மென்று முடித்துவிட்டு ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினாள்.

"நீந்தத் தெரிஞ்சவங்கதான் கப்பல் ஏறணும். நீந்தக் கத்துக்கினு வா, அப்புறம் போ."

முடியாது என்று சொல்லாமலே ஒரு காரியத்தை முடியாமல் செய்வதில் என் அத்தையை மிஞ்ச ஆளில்லை. குளத்தங்கரைக்கே போகாதவன் நீந்தி எப்போது, கப்பல் ஏறி எப்போது என்று நிம்மதியாக இருந்தாள். ஆனால் பிள்ளை அம்மாவுக்கு மேல் பிடிவாதக்காரர். கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

எந்தக் குளம், எந்த வாத்தியார்

பெண் பார்ப்பதற்குக்கூட அத்தை அவ்வளவு யோசித்திருக்க மாட்டாள், குளம் பார்ப்பதற்கு யோசித்தாள்.

பாகூர் ஏரி வேண்டாம், நடு ஏரியில் நின்று கத்தினாலும் கரைக்குக் கேட்காது. பக்கத்து ஊர்க் குளம் நல்ல குளம்தான், படிகள் அகலம். ஆனால் அதன் தென்கரை இங்கிலீஷ்காரன் எல்லையில் இருக்கிறது. எங்கள் பக்கத்து நிலமெல்லாம் அப்படித்தான், ஒரு வரப்பு பிரெஞ்சு எல்லை, அடுத்த வரப்பு இங்கிலீஷ் எல்லை. பிள்ளை வடகரையில் இறங்கி ஏதாவது ஆகித் தென்கரையில் ஒதுங்கினால் எந்தப் போலீசுக்குப் பதில் சொல்வது என்று அத்தை நிஜமாகவே கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை, எல்லாரும் யோசித்தார்கள். கடைசியில் எங்கள் ஊர்க் குளமே போதும் என்று முடிவாயிற்று. கரையில் கன்னிமார் கோயில் இருக்கிறது, ஏழு கன்னிமாரும் பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்தது வாத்தியார். இந்த இடத்தில்தான் ஊரே சேர்ந்து கோட்டை விட்டது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தவர், ஊரில் அவருக்குப் பெயரே சொல்தாதான், பிரெஞ்சில் சிப்பாய் என்று அர்த்தம். எத்தனையோ தரம் கப்பல் ஏறியவர், அத்தனை கடல் தாண்டியவருக்கு நீச்சல் தெரியாமலா இருக்கும் என்று எல்லாரும் அவரையே கைகாட்டினார்கள். மீசையைத் தடவிக்கொண்டு அவரும் ஒத்துக்கொண்டார். தெரியுமா என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு அவர் ஏன் பதில் சொல்லப் போகிறார்?

குடுக்கையும் நிஜாரும்

நீச்சல் பழகுகிறவர்கள் சுரைக்குடுக்கை கட்டிக்கொள்வது வழக்கம். காய்ந்த சுரைக்காய் தண்ணீரில் ஆளைத் தூக்கிப் பிடிக்கும். அடுப்புக்கு மேலே புகையில் காய்ந்துகொண்டிருந்ததில் இரண்டை அத்தை தேர்ந்தெடுத்தாள். தட்டிப் பார்த்தாள், காதில் வைத்து ஆட்டிப் பார்த்தாள், விதையெல்லாம் உதறி எடுத்து வாயை அடைத்து மெழுகு பூசினாள். போகக் கூடாது என்று தான் நினைக்கிற பிள்ளைக்கு அந்தக் குடுக்கையில் ஓர் ஊசித் துளை இருந்துவிடப் போகிறதே என்று அவள் பட்ட பாடு! எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

உடுப்பு விஷயத்தில் ஒரு சின்ன ரகளை. கோவணம் கட்டினால் போதும் என்றான் தம்பி. படித்தவன் ஊர்ப் பெண்டுகள் முன்னால் கோவணத்தோடு நிற்பதா என்றார் இவர். கடைசியில் தையற்காரர் முழங்கால் வரைக்கும் ஒரு நிஜார் தைத்துக் கொடுத்தார். அரை நிஜாரில் அவரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. இந்தப் பிள்ளைத்தனமான மனுஷர் எங்கேயோ கண்காணாத தேசத்துக்குப் போய்விடப் போகிறார்.

ஆமாம், என் கதை ஒன்று பாக்கி இருக்கிறது. நான் பிறந்த ஊர் பூரணாங்குப்பம். ஊரைத் தாண்டினால் ஆறும் கடலும் சேருகிற உப்பங்கழி. விவசாயக் குடும்பம்தான் நாங்கள், ஆனால் மீன்பிடிக்கிற வீட்டுப் பெண்களோடு சேர்ந்து கழியில் மட்டி பொறுக்கப் போவேன். தண்ணீர் ஆழமான இடத்தில் குடத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நீந்துவோம். கொஞ்ச நாளில் குடமும் தேவைப்படவில்லை. வயசுக்கு வந்ததும் அம்மா அதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டாள். புகுந்த வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடாதே என்று சொல்லித்தான் அனுப்பினாள். தண்ணீரில் கண்டமுள்ள மாப்பிள்ளை வீட்டில் நீச்சலடிக்கிற மருமகள் என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்?

ஆகவே வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூடிக்கொள்ள எனக்கு வேறு காரணமும் இருந்தது. அவர் நீந்தினால் எனக்குப் புருஷன் இல்லை, ஒரு தபால்தான் மிச்சம்.

தலை கீழே, கால் மேலே

இப்போது படித்துறைக்குத் திரும்பலாம். அவர் முழங்கால் வரை இறங்கிவிட்டார்.

சொல்தா அவர் இடுப்பில் குடுக்கைகளை இறுக்கிக் கட்டியிருந்தார். பட்டாளத்தில் தோட்டாப் பையை இடுப்பில்தான் கட்டுவார்களாம், அந்த ஞாபகம். எதிர்க்கரையிலிருந்து பார்த்ததுமே எனக்குப் பகீரென்றது. எங்கள் ஊரில் குடுக்கையை நெஞ்சோடு, அக்குளுக்குக் கீழே கட்டுவார்கள். இடுப்பில் கட்டினால் இடுப்பு மிதக்கும், தலை கீழே போகும்.

அத்தையின் காதருகே குனிந்தேன். "மேல கட்டணும் அத்த. நெஞ்சில."

அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் பார்த்திருப்பாள். "உனக்கு எப்பிடிடி தெரியும்?" என்றாள். எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன் என்று முனகினேன். அவள் எதிர்க்கரையைப் பார்த்துக் குரல் கொடுப்பதற்குள் சொல்தா "அன்... தெ..." என்று பட்டாளத்துக் கணக்கில், பிரெஞ்சில் ஒன்று இரண்டு எண்ணிச் சத்தம் போட, இவர் கண்ணை மூடிக்கொண்டு தொபீரென்று விழுந்தார்.

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்ல? தண்ணீருக்கு மேலே இரண்டு குடுக்கையும், நிஜாரும், உதைத்துக்கொள்ளும் இரண்டு காலும். மனுஷரைக் காணோம். சொல்தா படியில் நின்றபடியே "அன், தெ" என்று கத்திக்கொண்டிருந்தார். தம்பிதான் குதித்துப் போய் முடியைப் பிடித்து நிமிர்த்தி இழுத்து வந்தான். சொல்தாவுக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஆகாது என்பது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.

உயிருக்கு ஒன்றுமில்லை என்று ஆனதும் கரை முழுக்க ஒரே சிரிப்பு. குழந்தை குட்டிகளெல்லாம் காலைத் தூக்கி ஆட்டிக் காட்டின. அவர் ஒருவரையும் பார்க்கவில்லை. குடுக்கைகளை அவிழ்த்துப் படியில் வைத்துவிட்டு, சொட்டச் சொட்ட வீட்டைப் பார்த்து நடந்தார்.

அந்த முகத்தை நான் பார்த்தேன். அத்தையும் பார்த்தாள். அவள் நினைத்தது நடந்துவிட்டது, ஆனால் அவள் கற்பூரத்தை ஏற்றாமலே தட்டை முந்தானையால் மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

கரும்புக்கொல்லைக் கிணறு

அதற்கப்புறம் அவர் ஊருக்குள் தலைகாட்டவில்லை. விடிந்ததும் கரும்புக்கொல்லைக்குப் போய்விடுவார். அங்கே தம்பி கிணற்றில் கவலை இறைக்கும் மாடுகளைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்.

அவருக்கு மத்தியானக் கஞ்சி எடுத்துப் போக ஓர் ஆள் இருந்தாள். ஆனால் அத்தை அவளுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டு, கூடையை என் தலையில் வைத்தாள். "நீ எடுத்துக்கினு போ. அவன் சாப்புட்டு முடிக்கிற வரைக்கும் இரு. அவசரமா வர வோணாம்." புது மருமகளைத் தனியாகக் கொல்லைக்கு அனுப்புகிற மாமியாரை நான் அப்போதுதான் பார்க்கிறேன். பிள்ளை சாப்பிட வேண்டுமே என்ற கவலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானத்தில் தம்பி மாட்டை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த கரும்பு, நடுவில் படி வைத்த பெரிய கிணறு. மழை நன்றாகப் பெய்த வருஷம், ஏழெட்டுப் படி இறங்கினாலே தண்ணீர். அவர் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். கஞ்சியைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

நான் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படியிறங்கித் தண்ணீரில் விழுந்தேன். ஒரு சுற்று நீந்திவிட்டுப் படியைப் பிடித்துக்கொண்டு, வாங்க என்றேன்.

அவர் மேட்டிலிருந்து எழுந்துவிட்டார். எங்கே கற்றாய், எப்போது கற்றாய் என்று என்னென்னவோ கேட்டார். அதெல்லாம் அப்புறம், முதலில் இறங்குங்கள் என்றேன். புருஷனை அதட்டிப் பேசியது அதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது.

முதல் சில நாள் கழுத்தளவு தண்ணீரில் நிற்க மட்டும்தான் பழக்கினேன். பயம் தெளிந்த பிறகு மல்லாந்து படுக்கச் சொன்னேன். என் இரண்டு கையும் அவர் முதுகுக்குக் கீழே இருந்தது. "தண்ணிய புடிக்கப் பாக்காதீங்க. அது புடிபடாது. சும்மா படுங்க, அதுவே தூக்கும்." கல் மாதிரி விறைத்துக் கிடந்த உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. ஒரு நாள் கையை எடுத்துவிட்டேன். அவருக்குத் தெரியவில்லை. வானத்தைப் பார்த்தபடி மிதந்துகொண்டிருந்தார். கிணற்றுக்குள்ளிருந்து பார்த்தால் வானம் ஒரு தாம்பாளம் அளவுக்குத்தான் இருக்கும். அவர் சிரிப்பதைப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷம் பாதி, வயிற்றெரிச்சல் பாதி.

படியில் உட்கார்ந்து தலை துவட்டும்போது கேட்டார்.

"நான் இதக் கத்துக்கலன்னா போவ மாட்டேன். உனக்கு அது தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லிக் குடுக்கற?"

முந்தானையைப் பிழிந்தேன். பிறகு மனசில் இருந்ததையே சொல்லிவிட்டேன். "அன்னிக்கிக் கொளத்துலேந்து வூட்டுக்கு நடந்து வந்தீங்களே, அந்த மொகத்தோட என்னால காலம் பூரா குடித்தனம் பண்ண முடியாது. நீங்க போங்க. போய் நல்லா இருங்க."

அவர் என் ஈரத்தலையில் கையை வைத்தார். அவ்வளவுதான். அப்புறம் கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

மறுபடியும் ஊர்க் குளம்

மாசி போய்ப் பங்குனி பிறந்ததும் ஒரு நாள் காலையில் அவரே அம்மாவிடம் போய், குளத்தங்கரைக்கு வா என்று கூப்பிட்டார். அத்தை ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. அவருக்கு மாற்று வேட்டி வேண்டுமென்று உள்ளே போய்த் துணிக்கூடை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். சேதி தெரிந்து பழைய கூட்டம் மறுபடி கூடிவிட்டது, காலைத் தூக்கி ஆட்டிய பொடிசுகள் முதல் வரிசையில். சொல்தா மட்டும் அரசமரத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

என் வீட்டுக்காரர் எதிர்க்கரையில் குடுக்கை இல்லாமல் இறங்கினார். கையை எட்டிப் போட்டு, காலை உதைத்து, எங்கள் கரையைப் பார்த்து வரத் தொடங்கினார். அழகான நீச்சல் என்று சொல்லமாட்டேன், தண்ணீரை அடிக்கிற மாதிரி இருந்தது. ஆனால் தலை மேலே இருந்தது. கரையில் சிரிப்பு அடங்கியது. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

நடுக்குளத்தில் அல்லி படர்ந்திருக்கும். அங்கே வந்ததும் கை நின்றது. கால் நின்றது. இலைகளுக்கு நடுவே வெள்ளையாக நிஜார் மட்டும் தெரிந்தது. ஆள் அசையவில்லை.

எனக்குக் கண்டம் என்ற வார்த்தைதான் ஞாபகம் வந்தது. அத்தையின் கையை உதறிவிட்டுக் குதித்தேன். சேலை காலைச் சுற்றியது, உதைத்துக்கொண்டு போனேன். ஊர் பார்க்கிறது, மாமியார் பார்க்கிறாள் என்றெல்லாம் தோன்றவே இல்லை. அல்லிக்கொடிகளை விலக்கிக்கொண்டு போய் அவர் தோளைப் பிடித்தேன்.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "இன்னாடி, நீ ஏன் வந்த? களைப்பா இருந்தா மல்லாந்து படுன்னு நீதான சொன்ன?"

நான் சொல்லிக் கொடுத்ததுதான். கிணற்றில் எப்போதும் பக்கத்திலேயே இருந்துவிட்டேன், கரையில் நின்று பார்த்தால் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து இரண்டு வாய் குளத்துத் தண்ணீரைக் குடித்தேன். அவர் புரண்டு திரும்பி, வா போகலாம் என்றார். இரண்டு பேரும் சேர்ந்து பெண்கள் படித்துறைக்கு நீந்தி வந்தோம்.

ஈரச் சேலையோடு படியேறி அத்தை முன்னால் தலைகுனிந்து நின்றேன். இனி பிறந்த வீட்டுக்கு அனுப்பினாலும் ஆச்சரியமில்லை என்று நினைத்தேன். 

அவர்தான் வாயைத் திறந்தார். "அம்மா, இவளுக்கு..."

"நீ சும்மா இருடா" என்றாள் அத்தை. என் பக்கம் திரும்பினாள். "தெனம் ஈரத்தலையோட வந்தியே, ஒரு நாளாவது இன்னான்னு கேட்டனா?"

எனக்குச் சட்டென்று எல்லாம் புரிந்தது. கஞ்சிக்கூடை, அவசரமாக வர வேண்டாம் என்றது, எல்லாம்.

அத்தை பேச்சை நிறுத்தவில்லை. "நீந்தத் தெரிஞ்சவங்கதான் கப்பல் ஏறணும்னு சொன்னேன். உனக்கும்தான் தெரியுது. நீயும் ஏறு. அவனுக்குத் தண்ணியில கண்டம்மா, பக்கத்துல நீ இருக்கணும்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு குனிந்து கூடையைத் திறந்தாள். மேலே அவருடைய வேட்டி இருந்தது. அதை எடுத்து அவர் தோளில் போட்டாள். அதற்குக் கீழே என்னுடைய சேலை, காய்ந்து மடித்தபடி இருந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே அவள் அதை எடுத்து வைத்திருக்கிறாள்.